காற்று தள்ளும் வண்டியும் கல்வராயன் மலைச்சாலையும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தை வளைவுகளில் விளிம்புக்கு வழுக்கவிடாமல் பிடித்திருப்பது எது? டயருக்கும் தாருக்கும் இடையிலான உராய்வுதான். வண்டி ஓடுவது, திரும்புவது, நிற்பது எல்லாமே அந்தப் பிடிமானத்தை நம்பித்தான்.

சக்கரத்திடமிருந்து அந்தப் பொறுப்பைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும்? ஒரு பலகை, அடியில் எப்பக்கமும் உருளும் பால் காஸ்டர்கள் மூன்று, மேலே சில விசிறிகள் போதும். காற்றை ஒரு பக்கம் தள்ளினால் வண்டி எதிர்ப்பக்கம் போகும். ஸ்டியரிங் வேண்டாம், கியர் வேண்டாம். முகத்தைத் திருப்பாமலே பக்கவாட்டில் நகரும்.

இது வெறும் பள்ளிக்கூட விளையாட்டு அல்ல. 1955இல் பிரிட்டனின் கிறிஸ்டோபர் காக்கரெல் இரண்டு தகர டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துக் காற்றைச் செலுத்திச் சோதித்தார். அதிலிருந்து பிறந்த, காற்று மெத்தையில் மிதந்து ஓடும் ஹோவர்கிராப்ட் 1959 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. 1968 முதல் 2000 வரை அதே கால்வாயில் ஓடிய எஸ்.ஆர்.என்.4 ரக ஹோவர்கிராப்ட் கார்களையும் நூற்றுக்கணக்கான பயணிகளையும் ஏற்றிச் சென்றது. அதன் நான்கு பெரிய சுழலிகளும் தூண்களோடு சேர்ந்து திரும்பும். தூண் திரும்பினால் ஊர்தியும் திரும்பும்.

நம் பக்கத்தில் ஹோவர்கிராப்டைப் பார்க்க மண்டபம் என்ற கடலோர ஊருக்குப் போக வேண்டும். ஆழமில்லாத பாக் நீரிணையில், படகு தரைதட்டும் இடங்களுக்கும் கடலோரக் காவல்படை அதில் போகிறது. 2022 மார்ச்சில் அரிச்சல்முனை அருகே மணல்திட்டில் தவித்த இலங்கைத் தமிழர்கள் ஆறு பேரை, குழந்தைகள் உட்பட, மீட்டு வந்தது அதுதான்.

கடலும் மணல்திட்டும் சமதளம் என்பதுதான் இதில் முக்கியம். ஆனால் 20 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சாலையில், ஒரு கிலோ எடையுள்ள காற்று வண்டி பின்னோக்கி உருளாமல் நிற்பதற்கே சுமார் 50 கிராம் உந்துவிசை வேண்டும். ஒரு டன் வண்டி என்றால் 50 கிலோ. மழைநீர் வடிவதற்காகச் சாலையை ஓரமாகச் சரித்திருப்பார்களே, அந்தச் சரிவே போதும், வண்டி ஓரம் போய்விடும். எப்பக்கமும் போகும் சுதந்திரம் கொண்டை ஊசி வளைவில் ஆபத்து.

கூடுதல் உந்துவிசை மலிவாகவும் கிடைக்காது. ஒரே விசிறியில் விசையை இரட்டிப்பாக்க மின்சக்தி சுமார் 2.8 மடங்கு தேவை. மாறாக, அதே விசையை இரு மடங்கு விட்டமுள்ள விசிறியால் எடுத்தால், கணக்குப்படி மின்சக்தி பாதியாகும். சிறிய விசிறியை வெறிகொண்டு சுழற்றுவதைவிடப் பெரிய விசிறியை நிதானமாகச் சுழற்றுவதே நல்ல வடிவமைப்பு.

இந்தக் காற்று வண்டியைக் கள்ளக்குறிச்சிப் பள்ளி மாணவர்கள் செய்து பார்க்கலாம். சிமெண்ட் தரைபோட்ட கூடம் போதும். விசிறிகள் ஒரே திசையில் மட்டும் தள்ளுபவை என்றால் குறைந்தது நான்கு வேண்டும். முன்பின் ஓட்டம், இடவலம் நகர்வு, நின்ற இடத்தில் சுழல்வது என்ற மூன்றையும் இருபுறமும் கட்டுப்படுத்த மூன்று விசிறி போதாது. பிரேக் கிடையாது, எதிர்த்திசையில் ஊதித்தான் நிறுத்த வேண்டும். அதற்கு இடம் விட்டு ஓட்டப் பழக வேண்டும். விசிறியின் இதழ்கள் விரலை வெட்டும் என்பதால் கம்பிக்கூண்டு கட்டாயம். கூண்டு கொஞ்சம் உந்துவிசையைத் தின்னும். ஆகவே தராசில் விசையை அளக்கும்போது கூண்டை மாட்டியே அளக்க வேண்டும்.