கேட்கிறது, ஆனால் புரியவில்லை!

தேவாரத்தில் ஒரு திருமண வீடு. வாயிலில் ஒலிபெருக்கி முழங்குகிறது. உள்ளே நாதசுரமும் மேளமும். பந்தியில் அமர்ந்திருக்கும் பெரியவரிடம் பேரன், “தாத்தா, இன்னும் சோறு வைக்கவா?” என்று கேட்கிறான். அவர் புன்னகைத்துத் தலையசைக்கிறார். வேண்டாத சோறு இலையில் விழுகிறது. “வீட்டில் மெல்லப் பேசினாலும் கேட்கிறது; இங்கே மட்டும் கேட்கவில்லையாம்! வேண்டியதுதான் அவர் காதில் விழும்” என்று சுற்றத்தார் நகைக்கின்றனர்.

இந்நகைப்பு நியாயமானதுதானா என்று சிறிது சிந்திப்போம்.

நம் உட்செவியில் நத்தை ஓடு போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அதில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் அணுக்கள் ஒலியை உணர்கின்றன. முதுமையாலும் பேரிரைச்சலாலும் இவை அழிகின்றன. அழிந்தவை மீண்டும் தோன்றுவதில்லை. பெரும்பாலும் உயர்ந்த சுருதியை உணர்பவையே முதலில் கெடுகின்றன.

இங்கேதான் இடர்ப்பாடு. பேச்சில் உயிரொலிகள் உரத்தவை. க், ச், த், ப் ஆகியவற்றை இலக்கணம் வல்லினம் என்கிறது. ஆயினும் ஒலியின் ஆற்றலில் அவை மெலிந்தவையே. படி, கடி, தடி என்னும் சொற்களை வேறுபடுத்துவன அவைதாம். அமைதியான வீட்டில், விடுபட்ட ஒலியைப் பேசுவோரின் முகக்குறிப்பாலும் பேச்சின் போக்காலும் மூளை ஊகித்துக்கொள்ளும். இரைச்சல் சூழ்ந்தாலோ, எஞ்சிய ஒலியும் அதில் மூழ்கிவிடுகிறது.

பல குரல்களுக்கிடையே ஒன்றை மட்டும் பிரித்துக் கேட்கும் ஆற்றலை, கோலின் செர்ரி என்னும் ஆங்கிலேய அறிஞர் 1953-இல் ஆராய்ந்தார். செவி பழுதுற்றால் குன்றுவது இவ்வாற்றலே. ஆகவே, பெரியவர் நடிக்கவில்லை. அவருக்கு ஓசை கேட்கிறது; சொல் கேட்கவில்லை.

விடியுமுன் ஏலத்தோட்டங்களுக்கு விரையும் ஜீப்பிலும் இதே நிலைதான். எஞ்சின் முழக்கத்திடையே அனைவரும் பேசிச் சிரிக்க, ஒதுங்கியிருக்கும் அம்மையாரைச் செருக்குடையவர் என்று எண்ணிவிடுகிறோம். பலமுறை கேட்டுக் களைத்து, ஏளனத்துக்கு அஞ்சியே பலர் மௌனமாகின்றனர். செவிக்குறை ஓரளவேனும் உடையோர் உலகில் 150 கோடிக்கு மேற்பட்டோர் என உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் தெரிவித்தது.

நாம் செய்யத்தக்கது யாது? கூவுவதால் பயன் குறைவு. உயிரொலியே பெருகும், சொல் தெளிவதில்லை. தொலைக்காட்சியை நிறுத்தி, அருகே சென்று, வெளிச்சத்தில் முகம் பார்த்து, நிதானமாகப் பேசுவோம். புரியாவிடில் வேறு சொற்களால் சொல்வோம். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டிச் செவியைச் சோதிப்பது நன்று. செவிக்கருவி பெரிதும் உதவும். எனினும் இரைச்சலில் பழைய செவியை அது முழுமையாக மீட்டுத் தராது. கருவி அணிந்தவரிடமும் நமக்குப் பொறுமை வேண்டும்.

மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில், காது கேளாதவரை ஆண்டவர் முதலில் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துச் செல்கிறார். குணமாக்கும் வல்லமை நமக்கில்லை. ஆனால் இரைச்சலைவிட்டுச் சற்றே தள்ளி அழைத்துச் செல்ல நம்மால் இயலுமன்றோ? அடுத்த பந்தியில், ஒலிபெருக்கிக்கு எட்டிய மூலையில் தாத்தாவுக்கு இலை போடுவோம்.