தேருக்கும் திரைக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர்?

தைப்பூசத்துக்கு முதல் நாள், ஜார்ஜ்டவுன் பினாங்கு வீதியிலிருந்து வெள்ளித் தேர் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும். அதைக் கைப்பேசி நேரலையில் பார்ப்பவர்கள் பட்டர்வொர்த்திலும் இருப்பார்கள், சென்னையிலும் இருப்பார்கள். படம் திக்கினால் எல்லாரும் 'லைன் ஸ்லோ' என்பார்கள். பல நேரங்களில் தகராறு லைனில் இல்லை, தூரத்தில்.

கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் ஓடும். பினாங்கிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரை ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர். போய்வரக் குறைந்தது 150 மில்லிவினாடி. பாதுகாப்பான பக்கம் ஒன்றைத் திறக்க இப்படி இரண்டு மூன்று முறை போய்வர வேண்டும். அதிலேயே அரை வினாடி போய்விடும். எவ்வளவு பெரிய பேக்கேஜ் வாங்கினாலும் ஒளியை விரட்ட முடியாது.

பினாங்குக்குக் கடலடிக் கம்பி புதிதல்ல. 1870இல் சென்னையிலிருந்து தந்திக் கம்பி இங்கே வந்தது. இன்று வங்காள விரிகுடா வழியாக ஒளியிழைக் கேபிளே இரு ஊர்களையும் இணைக்கிறது. ஆனாலும் கேட்கும் கோப்பு பக்கத்திலேயே இருந்துவிட்டால் கடலைத் தாண்டும் வேலையே இல்லை. அதற்காகத்தான் ஒரே கோப்பின் நகல்களைப் பல ஊர் சர்வர்களில் வைக்கிறார்கள். இதுவே பரவல் கேஷ்.

எந்தக் கோப்பு எந்த சர்வரில்? கோப்பின் பெயரை எண்ணாக்கி, சர்வர் எண்ணிக்கையால் வகுத்து, மீதியைப் பார்ப்பது பழைய வழி. பத்து சர்வர் பதினொன்றானால், பதினொன்றில் பத்துப் பங்குக் கோப்புகள் இடம் மாறும். கேஷ் இருந்தும் இல்லாத கதைதான். 1997இல் எம்ஐடி ஆய்வாளர்கள் வேறு வழி சொன்னார்கள். சர்வர்களையும் கோப்புகளையும் ஒரு கற்பனை வட்டத்தில் நிறுத்துங்கள். கோப்பிலிருந்து ஒரே திசையில் நடந்தால் முதலில் எதிர்ப்படும் சர்வரே அதற்கு வீடு. புதிய சர்வர் வந்தால் சராசரியாகப் பதினொன்றில் ஒரு பங்குதான் நகரும். எளிய யோசனைதான், அதன்மேல் அந்த ஆய்வாளர்களில் இருவரான டாம் லெய்ட்டனும் டேனியல் லெவினும் 1998இல் இப்படி நகல்களைப் பரப்பும் அகமாய் நிறுவனத்தைக் கட்டினார்கள்.

நேரலைக் காணொளியைச் சில வினாடித் துண்டுகளாக நறுக்கித்தான் அனுப்புகிறார்கள். ஒரே துண்டை ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் கேட்டாலும், அருகிலுள்ள கேஷ் மூல சர்வரிடம் ஒருமுறை கேட்டு வாங்கி ஆயிரம் பேருக்கும் கொடுக்கும்.

நகல் பழசாகிவிடுவதுதான் தலைவலி. தேர் போகும் பாதையை மாற்றிய பிறகும் பழைய வரைபடமே திரையில் வந்தால் வேகத்தால் என்ன பயன்? அதனால் ஒவ்வொரு கோப்புக்கும் ஆயுள் குறிக்கிறார்கள்: கோயில் சின்னத்துக்கு ஓராண்டு இருக்கலாம், சாலைத் தடுப்பு அறிவிப்புக்கு ஒரு நிமிடமே அதிகம்.