குட்டியின் கால் தேடும் மண்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பூனைக்குட்டி வளர்க்கத் தொடங்கினால் முதலில் பறிபோவது கீரைப் பாத்தி. ஒரு பின்னேரம் மண்ணைக் கொத்திப் பொடியாக்கி, முளைக்கீரை விதை தூவித் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுத்தேன். விடியப் போய்ப் பார்த்தால் செம்மண்ணில் மூன்று குழிகள், மூன்றும் பக்குவமாக மூடியபடி. பக்கத்து வளவு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "தம்பி, நீர் பாத்தி கட்டேல்லை. உந்தப் பூனைக்குக் கக்கூசெல்லோ கட்டிக் குடுத்திருக்கிறீர்" என்றார்.

ஆச்சி சொன்னது பகிடிதான். ஆனால் பூனைக்குட்டியை ஓரிடத்தில் மலசலம் கழிக்கப் பழக்கும் கலை முழுவதும் அந்தப் பகிடிக்குள் இருக்கிறது. தோண்டவும் மூடவும் குட்டிக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. உதிரியாக, காலுக்கு மெத்தென்று இருக்கும் மண்ணை அதன் கால் தானே தேடிப் போகும். நாம் முந்திக்கொண்டு அப்படி ஒரு மண்ணை நமக்கு வசதியான மூலையில் வைத்துவிட வேண்டும்.

இந்தக் குணம் வெகு பழையது. உலகத்து வீட்டுப் பூனைகள் எல்லாம் ஆபிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்தவை, அந்த வழி தொடங்கியது மேற்காசியாவில் என்று 2007இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சைப்பிரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனுக்கு அருகே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடும் கிடைத்திருக்கிறது. வரண்ட நிலத்தில் உருவான விலங்கு என்பதால் அதன் சிறுநீரகம் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மிகச் செறிந்த சிறுநீரையே வெளியே விடும். மணம் அவ்வளவு கடுமையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த மணத்தைப் பிடித்துப் பெரிய விலங்கோ போட்டிப் பூனையோ தன்னைத் தேடி வந்துவிடாதபடி பூனை மண்ணால் மூடுகிறது என்பது பொதுவான விளக்கம். ஊரை ஆளும் கடுவன்கள் தங்கள் எல்லையில் மூடாமலே விட்டுப்போவதும் உண்டு. பூனையின் துப்புரவு என்று நாங்கள் மெச்சுவதில் பாதி பயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

குட்டி பிறந்து முதல் மூன்று கிழமை இந்தக் கவலையே இல்லை. அந்த வயதில் அதனால் தானாக ஒன்றுக்கும் போக முடியாது. தாய் அதன் பின்புறத்தை நக்கினால்தான் வரும். வந்ததைத் தாயே விழுங்கிவிடும். படுக்கை ஈரமாகாது, மணமும் எழாது. தாயில்லாத குட்டி கையில் வந்தால்தான் சிக்கல். சந்தையடியிலும் கோயில் வாசலிலும் உரப்பைக்குள் போட்டு விட்டுப்போகிறார்களே, அப்படி வந்த குட்டிதான் என்னுடையதும். கண் திறந்து சில நாள்தான் இருக்கும். பால் குடித்த பிறகு, இளஞ்சூட்டு வெந்நீரில் நனைத்த பஞ்சால் தாயின் நாக்கைப்போல மெல்லத் தடவிவிட வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் சிறுநீர் இறங்கும். ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் இதைச் செய்ய வேண்டும். மறந்தால் வயிறு ஊதிக் குட்டி செத்தும் போகலாம்.

பால் என்றதும் ஒன்று. பசுப்பாலும் கடைப் பால்மாவும் குட்டிக்கு ஒத்துவராது. அவற்றிலுள்ள பாற்சர்க்கரை அதற்குச் செரிக்காமல் வயிற்றால் போகும். வயிற்றால் போகும் குட்டியை எந்த மண் தட்டத்துக்கும் பழக்க முடியாது. அது தட்டத்தை எட்டுவதற்குள் காரியம் முடிந்துவிடும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மா இருக்கிறது. விலை கூடத்தான்.

நாலாவது, ஐந்தாவது கிழமையில் குட்டி தானாகச் சுரண்டத் தொடங்கும். இதுதான் நல்ல வேளை. தொடக்கத்தில் எதையும் சுரண்டும்: சோற்றுத் தட்டு, பாய், மாபிள் தரை. மாபிளைச் சுரண்டி, இல்லாத மண்ணால் மூடிவிட்டுத் திருப்தியோடு திரும்பிப் போவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். இந்தச் சில கிழமைகளில் காலுக்குப் பழகிய தளத்தையே அது பிறகும் விரும்பித் தேடும். நான் விட்ட பிழை இதில்தான். குட்டியைக் கால்மிதிக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தேன். தும்புக் கால்மிதி அதற்கு மண்ணாகத் தெரிந்துவிட்டது. பிறகு வீட்டிலிருந்த கால்மிதிகள் எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்குக் கட்டிப் பரணில் ஏற்றினேன்.

என்ன மண் வைப்பது? பூனைக்கு நுண்மணிதான் விருப்பம். பருங்கல்லில் கால் வைக்கத் தயங்கும். மணல் நல்லதுதான், ஆனால் பாரம். போதாததற்கு இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் மணல் விற்கும் விலையில் அதைப் பூனைக்குக் கொட்டுவது கொஞ்சம் ஆடம்பரம். மணற்காட்டுக் கடற்கரை மணல் திட்டிகளில் போய் அள்ளிவரும் யோசனை யாருக்கும் வேண்டாம். வளவுச் செம்மண் சும்மா கிடைக்கும். ஆனால் ஈரம் பட்டதும் களியாகிக் காலில் ஒட்டி, விறாந்தை முழுக்கச் சிவப்புப் பூ பூத்துவிடும். அரிசி ஆலை உமி இலேசு, மலிவு, ஆனால் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. மரஆலைத் தூள் நன்றாக உறிஞ்சும், மணத்தையும் அமுக்கும். மாவாகப் பறக்கும் தூளைச் சலித்து எறிந்துவிட்டுப் பருந்தூளை மட்டும் எடுக்க வேண்டும். உமியும் மரத்தூளும் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு அங்குல உயரத்துக்குப் போடுவதுதான் எங்கள் வீட்டில் நின்றுபிடித்த முறை.

சாம்பலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விறகடுப்புக் காலத்தில் பூனைக்குச் சாம்பல்தான் மண். அடுப்படிக்குப் பின்னால் குவித்த சாம்பலில் அது போகும். வீட்டிலும் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் விறகுச் சாம்பல் ஈரத்தோடு சேர்ந்தால் காரமாகி, குட்டியின் மெல்லிய உள்ளங்காலை அரிக்கும். அதை நக்கித் துடைக்கும்போது நாக்கையும் எரிக்கும். கடையில் விற்கும் பூனைமண்ணான 'லிற்றர்' பிறந்ததும் இந்தச் சாம்பலின் தொல்லையால்தான். 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கசோப்பொலிஸ் என்ற சின்ன ஊர். குளிர்காலம். கே டிரேப்பர் என்ற பெண்ணின் வீட்டு மணற்குவியல் உறைந்துபோனதால் பூனைக்குச் சாம்பலை வைத்தார். வீடெல்லாம் கரிக்கால் தடம். அயலவரான எட்வேர்ட் லோவிடம் கொஞ்சம் மணல் கேட்டுப் போனார். லோ தொழிற்சாலைத் தரைகளில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்கான களிமண் மணிகளை விற்றுவந்தவர். மணலுக்குப் பதிலாக அதில் ஒரு பையைக் கொடுத்தார். டிரேப்பர் திரும்பி வந்து இன்னும் கேட்டதும், லோ 5 இறாத்தல் பைகளில் அடைத்து 65 சதம் என்று விலை போட்டுக் கடைக்குக் கொண்டுபோனார். மணல் ஏறக்குறைய சும்மா கிடைக்கும்போது இதை யார் வாங்குவார் என்று கடைக்காரர் கேட்டாராம். இன்று யாழ்ப்பாண நகரச் சுப்பர்மார்க்கற்றிலும் அந்தப் பை இருக்கிறது.

1980களில் வந்தது கட்டியாகும் வகை. பென்ரனைற் என்ற களி தண்ணீர் பட்டதும் பல மடங்கு ஊதி உருண்டையாகும். அதை மட்டும் அள்ளி எறியலாம். வளர்ந்த பூனைக்கு நல்ல வசதி. ஆனால் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு வேண்டாம். அந்த வயதுக் குட்டி எதையும் வாயில் போடும். ஊதும் களி அதன் குடலுக்குள் போய்க் கட்டியாகலாம். வாசனை போட்ட லிற்றரும் பணத்துக்குக் கேடு. அந்த மல்லிகை மணம் நமக்குத்தான். பூனை மூக்கைச் சுளித்துக்கொண்டு கட்டிலுக்கடியில் போகும்.

தட்டத்தின் விளிம்பு குட்டி தாவாமல் ஏறுமளவுக்குத் தணிவாக, ஆனால் போட்ட உமியைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். உடைந்த பேசினின் ஒரு பக்கத்தை வெட்டியும் வைக்கலாம். வெட்டிய விளிம்பை உரஞ்சி மழுக்கிவிடுங்கள். பின்விறாந்தை மூலை நல்ல இடம். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கக்கூடாது: உண்ணும் இடத்தில் பூனை கழிக்காது. இரண்டு பூனை என்றால் மூன்று தட்டம்.

சோறும் சூடை மீனும் தின்று கொஞ்ச நேரத்தில், தூங்கி எழும்பியதும், ஓடி விளையாடி முடிந்ததும் குட்டிக்கு வரும். தரையை மோந்துகொண்டு வட்டமிடத் தொடங்கினால் தூக்கித் தட்டத்தில் விடுங்கள். அதன் முன்காலைப் பிடித்துச் சுரண்டிக் காட்ட வேண்டாம். பல குட்டிகள் அதில் பயந்து தட்டத்தையே வெறுத்துவிடும். உங்கள் விரலால் உமியைச் சரசரவென்று கிளறினால் போதும். பழகும் நாள்களில் மட்டும், முதல் நாள் அது கழித்ததில் கொஞ்சத்தைத் தட்டத்தில் விட்டு வையுங்கள். மூக்கு வழி காட்டும்.

தவறிய இடத்தில் மூக்கை வைத்துத் தேய்த்து அடிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. குட்டிக்கு அந்த அடியும் அந்தக் குற்றமும் ஒன்றாகச் சேர்வதில்லை. அடிக்கும் ஆள்தான் மனத்தில் பதிகிறார். அதன்பிறகு உங்களுக்குத் தெரியாமல் அலுமாரிக்குப் பின்னால் போகப் பழகும். நீங்கள் அதைத்தான் பழக்கியிருக்கிறீர்கள்.

சிந்தியதைத் துடைப்பதிலும் கவனம் வேண்டும். சிறுநீரிலுள்ள யூரியாவைப் பற்றீரியா உடைத்து அமோனியா ஆக்குகிறது. பூனைக்கென்றே உரிய ஃபெலினின் என்ற சேர்வையிலிருந்து கந்தக மணமும் எழும். நமக்கு மணக்காவிட்டாலும் குட்டி அந்த இடத்துக்குத் திரும்பி வரும். நொதியம் சேர்ந்த சலவைத்தூளால் ஊறவைத்துக் கழுவி, வெயில் படவிடுங்கள். சிறுநீரின் மேல் பிளீச்சிங் பவுடர் தூவினால் மூச்சை அடைக்கும் வாயு வரும். தண்ணீரில் விட்டதும் பால்போல வெளுக்கும் கிருமிநாசினிகளிற் பல பினோல் வகையைச் சேர்ந்தவை. அவற்றை மாற்றி வெளியேற்றும் வலு பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரே ஒரு பனடோல் குளிசை பூனையைக் கொல்லக்கூடியதாக இருப்பதும் இதே குறையால்தான்.

தட்டத்தைத் தினமும் அள்ள வேண்டும் என்பதற்கு மணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ரொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டையுருக்கள் பூனையின் மலத்தில் வரலாம். அவை வந்த உடனே தொற்றுவதில்லை. முற்றுவதற்கு ஒன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும். அதற்குள் அள்ளிவிட்டால் ஆபத்துக் குறைவு. கருவுற்ற பெண்கள் இந்த வேலையைச் செய்யவே கூடாது. வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் அது தாக்கக்கூடும். என் கீரைப் பாத்தி நகைப்புக்குரிய விஷயமாக எனக்குத் தோன்றாமற் போனதும் இதை அறிந்த பிறகுதான். அந்தப் பாத்தியைக் கம்பி வலையால் மூடினேன். கீரையை இப்போது நன்றாக அலசி, அவித்துத்தான் உண்கிறோம்.

அள்ளியதை எங்கே போடுவது? கொக்குவிலில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. நம் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல்லில் நிற்கும் மழைத் தண்ணீர். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். மேலே கொட்டுவது வடிபடாமல் கீழே இறங்கிவிடும்; உரமும் மலக்குழிகளும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டிவிட்டது ஏற்கெனவே தெரிந்த சங்கதி. ஆகவே ஆழமாகக் குழி தோண்டாதீர்கள். ஆழம் கூடக் கூடத் தண்ணீருக்குக் கிட்டப் போகிறீர்கள். மேல்மண்ணில்தான் சிதைக்கும் உயிர்கள் அதிகம். ஒன்றரைச் சாண் போதும். கீரைக்கும் மிளகாய்க்கும் பக்கத்தில் வேண்டாம், கதியால் வேலியோரத்தில் பூவரசின் அடியில் புதைக்கலாம். மாரியில் தண்ணீர் மேலே வந்துவிடும். அந்த மாதங்களில் புதைக்காமல் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போடுவது நல்லது. வேலியோரம் தோண்டமுதல் உங்கள் கிணறு எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்க்காதீர்கள், வேலிக்கு அப்பால் பக்கத்து வளவுக் கிணறு எங்கே என்றும் எட்டிப் பாருங்கள். எங்கள் ஆச்சியின் கிணறு வேலியிலிருந்து பத்தடிகூட இல்லை.