பெயர் வந்த வழி – 9: கண்டிக்கு வந்த றொபேட்டுகள்

கடலாதெனிய விகாரையும் எம்பக்க தேவாலயமும் உள்ள உடுநுவரைப் பகுதியில் எலதத்த என்றொரு கிராமம் உண்டு. 17 ஆம் நூற்றாண்டில் அங்கே ஓர் ஆங்கிலேயன் காணி வாங்கிக் குடியிருந்தான். தொப்பி பின்னி விற்றான். ஊராருக்கு நெல்லைக் கடனாகக் கொடுத்து, அறுவடையில் ஒன்றுக்கு ஒன்றரையாக வாங்கினான். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் கைதி அவன். சிறைக்கம்பி கிடையாது, ஊரைவிட்டுப் போகத்தான் அனுமதி இல்லை. பெயர் றொபேட் நொக்ஸ். அவனுடைய தகப்பனுக்கும் அதே பெயர்தான்.

கண்டியின் வரலாற்றில் றொபேட்டுகளுக்குக் குறைவில்லை. கைதியாக வந்த றொபேட், வென்றவனாக வந்த றொபேட், ஆள வந்த றொபேட், கோப்பி நட வந்த றொபேட் என்று வரிசையாக வந்திருக்கிறார்கள். எல்லோரும் ஆங்கிலம் பேசியவர்கள் என்பதால் இதை ஆங்கிலப் பெயர் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது ஆங்கிலேயருக்கும் இரவல் பெயர்தான்.

பழைய ஜேர்மானிய மொழிகளில் ஆண் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு துண்டுகளை ஒட்டி ஆக்கப்பட்டவை. ‘ஹ்றோத்’ என்றால் புகழ், ‘பெராட்’ என்றால் ஒளி. இரண்டும் சேர்ந்து ‘ஹ்றோத்பெராட்’. கண்டியை 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் பெயரில் முதலில் நிற்கும் ‘கீர்த்தி’யும் இந்தப் புகழையே சொல்கிறது. ஜேர்மானியப் பெற்றோர் இந்தத் துண்டுகளை வேண்டியபடி மாற்றிக் கோத்தார்கள். ‘ஹ்றோத்’தோடு ஓநாய் சேர்ந்தால் ருடோல்ப், ஈட்டி சேர்ந்தால் ரோஜர். ‘பெராட்’ வாலாக ஒட்டியவர்கள் அல்பேட், ஹேர்பேட், கில்பேட். முழுப் பெயருக்கு ஒரு பொருள் வரவேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. தகப்பன் பெயரில் பாதியும் பாட்டன் பெயரில் பாதியும் எடுத்து ஒட்டினாலும் போதும்.

பிரான்ஸ் பகுதிகளில் இந்தப் பெயரின் முன்னால் இருந்த ‘ஹ்’ உதிர்ந்தது, நடுவில் இருந்த ‘த்’ கரைந்தது. 10 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கிலிருந்து வந்து நோர்மண்டியைப் பிடித்துக்கொண்ட வைக்கிங் தலைவன் றொல்லோ, ஞானஸ்நானம் பெற்றபோது றொபேட் ஆனான் என்று நோர்மன் வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வமிசத்தில் வந்த வில்லியம் 1066 இல் இங்கிலாந்தை வென்றான். அவனுடைய தகப்பன் பெயரும் றொபேட், மூத்த மகன் பெயரும் றொபேட். ஆங்கிலேயரிடம் இதே பெயருக்குச் சொந்தமாக ஒரு வடிவம் இருந்தது. வென்றவர்களின் வடிவம் வந்ததும் அது மறைந்துபோயிற்று.

இத்தாலியிலும் ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் அது றொபேர்ட்டோ. லித்துவேனியாவில் றொபேர்ட்டாஸ், பின்லாந்தில் றோப்பே, ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழியில் றைபேர்ட். பிறந்த வீடான ஜேர்மனியில் மட்டும் ‘ருப்ரெக்ட்’, ‘ரூபேட்’ என்ற பழைய வடிவங்கள் தங்கின. ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தை 1386 இல் நிறுவிய சிற்றரசன் ஒரு ருப்ரெக்ட். பின்னாளில் பிரெஞ்சு உச்சரிப்போடு ‘றொபேட்’ அங்கே திரும்பிப் போய், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த றொபேட் கொக் போன்றவர்களின் பெயராயிற்று. பேரன் வேறு உடுப்பில் வந்து பாட்டனுக்கு அயல்வீட்டிலேயே குடியேறியது போலத்தான்.

நொக்ஸ் உடுநுவரையில் தொப்பி பின்னிய காலத்தில், ஒல்லாந்தருக்கு எதிராக ஆங்கிலக் கடற்படையை நடத்தியவன் இளவரசன் ரூபேட். பிராகாவில் பிறந்த ஜேர்மன் வழியினன். அவனால்தான் ‘ரூபேட்’ ஆங்கிலத்தில் தனிப் பெயராயிற்று. ஒரே பெயரின் இரண்டு வடிவங்கள் ஒரே நாட்டில் தனித்தனியாக உலாவின.

நொக்ஸின் கதைக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பனிக்காக ஓடிய ‘ஆன்’ என்ற கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரத்தை இழந்தது. பழுதுபார்க்கக் கொட்டியாரக் குடாவுக்கு வந்த இடத்தில், 1660 இல், தகப்பனும் மகனும் உட்படப் பதினாறு பேர் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டார்கள். மகனுக்கு அப்போது வயது 19. அடுத்த ஆண்டே தகப்பன் காய்ச்சலில் இறந்துபோக, மகனே அடக்கம் செய்தான். பிறகு கம்பளைப் பக்கத்து லெகுந்தெனிய, அதன்பின் எலதத்த. 1679 இல் ஸ்டீவன் றட்லண்ட் என்ற தோழனோடு பண்டம் விற்கிறவன்போல வடக்கே நடந்து, அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் ஓரமாக மன்னார்ப் பக்கம் இறங்கி, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

1681 இல் இலண்டனில் வெளிவந்த அவனுடைய நூல்தான் கண்டி இராச்சியத்தின் நெல் வயலையும் வரியையும் தண்டனையையும் கல்யாணத்தையும் ஐரோப்பாவுக்கு விரிவாகச் சொன்னது. அதற்கு முன்னுரை எழுதியவர் இன்னொரு றொபேட். சுருள்வில்லின் விதியால் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த விஞ்ஞானி றொபேட் ஹூக். நொக்ஸ் சொன்ன கஞ்சாச் செடியைப் பற்றி 1689 இல் ஹூக் ரோயல் சொசைட்டியில் உரையும் நிகழ்த்தினார்.

இன்னொரு கிளையும் இங்கிருந்து பிரிகிறது. பிரெஞ்சுக்காரர் றொபேட்டைச் செல்லமாக ‘றொபின்’ என்றார்கள். றொபினின் மகன் றொபின்சன். தானியேல் டீபோ 1719 இல் ‘றொபின்சன் குருசோ’வை எழுதியபோது நொக்ஸின் நூலும் அவர் மனதில் இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அடுத்த ஆண்டு வந்த ‘கப்டன் சிங்கிள்டன்’ நாவலில் நொக்ஸின் கதையையே பெயர் சொல்லிச் சுருக்கித் தந்திருக்கிறார், ஆகவே அவர் நொக்ஸைப் படித்திருந்தார் என்பதில் சந்தேகமில்லை. குருசோவின் தகப்பன் பிறேமனிலிருந்து வந்த ஜேர்மன்காரன் என்பதும் நாவலின் முதல் பக்கத்துச் செய்தி.

ஆங்கிலேயர் செல்லப்பெயரில் எதுகை விளையாடுவார்கள். றொப் என்பதை ஹொப் என்றார்கள், டொப் என்றார்கள், பொப் என்றார்கள். பொப் மார்லியும் பொப் டிலானும் பிறப்புப் பதிவில் றொபேட்டுகளே. ஹொப்பின் மகன் ஹொப்சன். ‘கட்டுமரம்’, ‘கறி’ முதலான நம் சொற்களுக்கு விளக்கம் தேடுகிறவர்கள் புரட்டும் 1886 ஆம் ஆண்டு ஆங்கிலோ இந்திய அகராதிக்கு ‘ஹொப்சன்-ஜொப்சன்’ என்று பெயர். முஹர்ரம் ஊர்வலத்தில் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்று எழுந்த முழக்கம் ஆங்கிலச் சிப்பாய்களின் வாயில் அப்படித் திரிந்தது. தெரியாத ஓசையைத் தெரிந்த பெயரில் அடைத்திருக்கிறார்கள்!

கண்டியை வென்ற றொபேட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆளுனர் றொபேட் பிரவுன்றிக் அயர்லாந்துக்காரர். 1815 பெப்ரவரியில் அவருடைய படை கண்டிக்குள் நுழைந்தது. மார்ச் 2 ஆம் திகதி மகுல் மடுவவில் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. அதில் கண்டிப் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் ஒப்பமிட்டதாகச் சொல்லப்படுவதைப் பற்றிப் பேசத் தனிக் கட்டுரை வேண்டும். ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832 இல் அங்கேயே இறந்தான். 1818 கிளர்ச்சியை நசுக்கியதும் இதே பிரவுன்றிக்தான்.

அடுத்தவர் 1831 முதல் 1837 வரை ஆளுனராக இருந்த றொபேட் வில்மட் ஹோர்ட்டன். ஹோர்ட்டன் சமவெளி அவர் பெயரில் இருக்கிறது. ஆனால் கண்டியில் அவரைவிட அவருடைய மனைவிக்கே நினைவிடம் அதிகம். உடவத்தகலே வனத்துக்குள் போகும் லேடி ஹோர்ட்டன் பாதை அவர் பெயரைத்தான் தாங்குகிறது. கவிஞர் பைரன் தம் புகழ்பெற்ற கவிதை ஒன்றை எழுதியதும் அந்தப் பெண்மணியைப் பார்த்துத்தான்.

1837 இல் வந்தவர் றொபேட் பொய்ட் டைட்லர், ஸ்கொட்லாந்துக்காரர். ஜமெய்க்காவில் கற்ற கோப்பிப் பயிர்ச்செய்கையைத் தும்பறைப் பள்ளத்தாக்கில் நடைமுறைப்படுத்தினார். றொபேட் புரூஸ் என்ற மன்னனும் றொபேட் பேர்ன்ஸ் என்ற கவிஞனும் வாழ்ந்த ஸ்கொட்லாந்தில் அந்தப் பெயருக்குத் தனி மதிப்பு. அங்கிருந்து வந்த தோட்டக்காரர்களும் பலர். நொக்ஸ் தப்பிப்போன அதே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். அவர்களுடைய வாயில் றொபேட் என்ற பெயர் ஏறவே இல்லை. பெரிய துரை, சின்ன துரை, அவ்வளவுதான். பெயரைச் சொல்லும் உரிமை கங்காணிக்கும் கிடையாது. துரைமாரின் பெயர் கணக்குப் புத்தகத்தோடு நின்றது.

தமிழரிடம் இந்தப் பெயர் வந்தது தேவாலய வழியாக. மதுரையில் 1606 முதல் பணியாற்றிய இயேசு சபைத் துறவி றொபேர்ட்டோ தெ நோபிலி, கர்தினால் றொபேர்ட்டோ பெல்லார்மினோவுக்கு உறவினர். பெல்லார்மின் 1930 இல் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, கண்டிக்கு அருகே அம்பிட்டியவில் இயேசு சபையினர் நடத்திய பாப்பரசர் குருமடத்தில் இந்திய, இலங்கை மாணவர்கள் ஒன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். 1893 இல் தொடங்கிய அந்தக் குருமடம் 1955 இல் பூனாவுக்கு மாற்றப்பட்டது.

எழுத்தில்தான் இன்னும் ஒருமுடிவு இல்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856 இல் வெளியிட்ட கால்டுவெல்லைத் தமிழ்நாட்டார் ‘இராபர்ட்’ என்கிறார்கள், ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற இலக்கணத்துக்காக. பேச்சிலும் பத்திரிகையிலும் அவர்களுக்கு ‘ராபர்ட்’. இலங்கையில் ‘றொபேட்’, ‘றொபர்ட்’, ‘ரொபேர்ட்’ மூன்றும் புழங்குகின்றன. பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் அடையாள அட்டையில் இன்னொன்றுமாக வைத்துக்கொண்டு கந்தோர் கந்தோராக அலைகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். கண்டி, மாத்தளை, நுவரெலியாப் பக்கத்து வாசகர்களின் வீட்டில் ஒரு றொபேட் இருந்தால், அல்லது பாட்டன் ஒருவர் இருந்திருந்தால், ஞானஸ்நானப் பதிவில் அவர் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.