ஏரியில் மீன் செத்து மிதந்தால்... காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வீட்டில் கலர் மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். குழாயில் பிடித்த தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றக் கூடாது. ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகுதான் ஊற்றணும். இல்லையென்றால் மீன் செத்துப் போகும். ஆனால் அதே தண்ணீரை நாம் தாராளமாகக் குடிக்கிறோம்!

இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி, குளோரின் கலந்து வரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும். நன்னீர் உயிரினங்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்துள்ள குறுகிய கால வரம்போ 0.019 மில்லிகிராம். நமக்குப் பாதுகாப்பான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாம் குடிக்கும் தண்ணீர் வயிற்றுக்குப் போகிறது. மீன் அந்தத் தண்ணீரிலேயே மூச்சு விடுகிறது. அதில் கலந்த ரசாயனம் முதலில் தாக்குவதே செவுளைத்தான்.

அதனால், "மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாது" என்ற சமாதானம் ஏரிக்குப் பொருந்தாது. ஏரிக்குத் தனிச் சோதனை உண்டு.

சோதனை எப்படி நடக்கிறது?

ஒரு ரசாயனத்தை வெவ்வேறு அளவுகளில் கலந்து, வரிசையாகத் தொட்டிகளில் வைப்பார்கள். ஒரு தொட்டியில் மட்டும் எதுவும் கலக்காத தண்ணீர். சர்வதேச வழிமுறையின்படி, ஒவ்வொரு தொட்டியிலும் குறைந்தது 7 மீன்கள். நம்ம ஊர் கலர் மீன் கடைகளில் கிடைக்கும் சின்ன 'ஜீப்ரா' மீன் இதற்கு அதிகம் பயன்படுகிறது. 96 மணி நேரம், அதாவது 4 நாள், கவனிப்பார்கள். பாதி மீன்கள் சாகும் அளவு எது என்று கணக்கிடுவார்கள். அதற்கு 'எல்.சி. 50' என்று பெயர். இந்த எண் குறையக் குறைய விஷம் அதிகம் என்று அர்த்தம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே என்றால், உலக அளவிலான வகைப்பாட்டில் அதுதான் மிகக் கடுமையான பிரிவு. காய்ந்த மரமும் செத்த மீனும் உள்ள எச்சரிக்கைப் படத்தைச் சில டப்பாக்களில் பார்த்திருப்பீர்கள். நீர்வாழ் உயிர்களுக்கு ஆபத்து என்பதற்கான குறி அது.

மீன் மட்டும் போதாது. மீனுக்கு இரையாகும் டாஃப்னியா என்ற நுண்ணிய உயிரியை 48 மணி நேரமும், பாசியை 72 மணி நேரமும் சோதிப்பார்கள். இரை அழிந்தால் மீனும் நிலைக்காது, இல்லையா?

குரோம்பேட்டை சொல்லும் பாடம்

குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. தோல் பதனிடும் தொழிலால் நீர்நிலைகள் கெட்டது பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு தந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை அதில் வலியுறுத்தியது. அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உட்பட 5 மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரத்தின்படி, நீர்நிலையில் விடும் ஆலைக் கழிவுநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதிலேயே அதிக நச்சுள்ள ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு வரம்பு 0.1 மில்லிகிராம்தான். இதோடு மீன் சோதனையும் உண்டு. வேறு தண்ணீர் கலக்காத கழிவுநீரில் மீன்களை விட்டால், 96 மணி நேரத்துக்குப் பிறகு 100-க்கு 90 மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

ரசாயனங்களைத் தனித்தனியாக அளந்த பிறகு மீன் எதற்கு? ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருந்தாலும், சேர்ந்தால் கொல்லலாம். கருவி தேடாத பொருளும் அதில் இருக்கலாம். மீன் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடும்.

செத்த மீனெல்லாம் விஷத்தால் செத்ததா?

இல்லை. வீட்டுக் கழிவுநீர் கலந்து ஆக்சிஜன் குறைந்தாலும் சாகும். மீன்கள் வாழ லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்கினால், பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவுதான். நேரம் காலம் இல்லாமல் சின்ன மீன், பெரிய மீன், நத்தை, பூச்சி எல்லாம் ஒன்றாகச் செத்தால் ரசாயனத்தைச் சந்தேகிக்கலாம். உறுதி செய்ய ஆய்வகச் சோதனைதான் வழி.

இங்கேதான் உங்கள் செல்போன் உதவும். கலந்த ரசாயனம் சில மணி நேரத்திலேயே கரைந்து, நகர்ந்து போய்விடலாம். மறுநாள் எடுக்கும் மாதிரியில் எதுவும் சிக்காமல் போகலாம். அதனால்:

• செத்த மீன்கள், தண்ணீரின் நிறம், கழிவு வந்து விழும் இடம் மூன்றையும் இருப்பிட வசதியை ஆன் செய்து படம் எடுங்கள்.
• முதலில் பார்த்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்றம், நுரை, எண்ணெய்ப் படலம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.
• உடனே முதல்வரின் உதவி மையம் 1100-ஐ அழையுங்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் மாநகராட்சிக்கும் தெரிவியுங்கள். "தண்ணீர் மாதிரி எடுக்க வேண்டும்" என்று தெளிவாகக் கேளுங்கள். புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.
• மீன்களை வெறுங்கையால் தொட வேண்டாம். எடுத்துச் சமைக்கவே வேண்டாம்.

நம் வீட்டிலிருந்தும் போகிறது

பூச்சிக்கொல்லி டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என ஒரு நிறக்குறி இருக்கும். எலி போன்ற சோதனை விலங்குகளை வைத்து, மனிதர்களை எச்சரிக்கப் போட்ட குறி அது. மீனைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கரப்பான், கரையான் மருந்துகளில் வரும் சைபர்மெத்ரின் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்தாலே பல வகை மீன்களைக் கொல்லும்.

ஸ்பிரேயர் கழுவிய தண்ணீரை மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். சிட்லபாக்கம், செம்பாக்கம் போன்ற நம் ஏரிகள் ஒன்றோடொன்று தொடர்பு உள்ளவை. அந்தத் தண்ணீர் கடைசியில் சேரும் இடம், 2022-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணை சதுப்பு நிலம். தாம்பரத்தில் ஊற்றுவது தாம்பரத்தோடு நிற்பதில்லை.