கிலோ கணக்கில் ஒரு லேத்

பழைய லேத் வாங்கப் போகிறவர்கள் முதலில் பெயிண்ட்டைத்தான் பார்க்கிறார்கள். விற்கிறவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் கடைக்கு வரும் மிஷின்கள் பலவற்றில் பச்சை எனாமல் சரியாகக் காயாமலே மின்னிக்கொண்டிருக்கும். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் டூல் ரூமில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவன் நான். புதுப் பெயிண்ட் அடித்த பழைய மிஷின் பக்கமே போக மாட்டேன். துருவும் எண்ணெய்ப் பிசுக்குமாகக் கிடப்பதுதான் எனக்கு வேண்டும். அது எதையும் மறைப்பதில்லை.

கடைசல் பட்டறைக்குள் நுழைந்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிரில் மிஷினில் கருவி சுற்றும், பொருள் அசையாது. லேத்தில் பொருள் சுற்றும், உளி அதை ஒட்டி மெல்ல நகர்ந்து செதுக்கும். சுற்றும் அச்சுக்கு ஸ்பிண்டில் என்று பெயர். உளி மேடை நகர்கிற தண்டவாளம் பெட். பொருளைக் கவ்விப் பிடிப்பது சக். ஸ்பிண்டில் தடுமாறாமல் சுற்றி, பெட் வளையாமல் இருந்தால் அந்த லேத்தில் உருண்டையாகவும் நேராகவும் கடைய முடியும். இந்த இரண்டும் கெட்டுப்போனால் வீட்டில் உட்கார்ந்து சரிசெய்வது நடக்காத காரியம். மற்றபடி கைப்பிடி, திருகாணி, புஷ், மோட்டார் பிராக்கெட் என்று எது உடைந்திருந்தாலும் பெரும்பாலும் அந்த லேத்திலேயே கடைந்து அதற்கே மாட்டிவிடலாம். நான் காசு கொடுப்பது ஸ்பிண்டிலுக்கும் பெட்டுக்கும் மட்டும்தான்.

கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் தெருத்தெருவாக ஓடுகிற பெரிய லேத்துகள் வீட்டுக்குச் சரிப்படாது. மூன்று பேஸ் கரண்ட், கான்கிரீட் தளம், எல்லாவற்றுக்கும் மேலே பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமை வேண்டும். மேசை மேல் நிற்கிற குட்டி லேத்துகளில் நம் ஊருக்கு வந்துசேர்கிறவை இரண்டு வகை.

ஒன்று, வாட்ச் ரிப்பேர்காரர்கள் வைத்திருந்தது. லோர்ச் மாதிரி ஏதாவது ஜெர்மன் பெயர் பொறித்திருக்கும். இதில் பொருளைப் பிடிக்கக் காலெட் என்ற பிளவுபட்ட குழல் உண்டு, தண்டு பெரும்பாலும் 8 மி.மீ. பருமன். காலெட்டின் முகத்தில் 12 என்று எண் போட்டிருந்தால் அது 1.2 மி.மீ. கம்பிக்கு உரியது. அவசரத்துக்கு 1.4 கம்பியைத் திணித்தால் வாய் விரிந்துவிடும். அப்புறம் அது எதையும் மையத்தில் பிடிக்காது. அதனால் இந்த வகை லேத் வாங்கும்போது மிஷினைவிடக் காலெட் டப்பாவைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். பேலன்ஸ் வீலின் அச்சு முறிந்தால் மயிரிழைக் கனத்தில் புதிதாகக் கடைந்து போட்ட கைகள் அந்தக் காலத்தில் இருந்தன. குவார்ட்ஸ் வந்ததும் அந்த வேலை போயிற்று. 1961-ல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் வாட்ச் கம்பெனியையே 2016-ல் மூட மத்திய அரசு முடிவெடுத்தது. கடையை மூடுகிற மகன்கள் கண்ணாடி அலமாரியோடு அப்பாவின் லேத்தையும் சேர்த்து விலை சொல்கிறார்கள்.

இன்னொன்று யூனிமேட். ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பக்கத்தில் ஹல்லைன் என்று ஒரு சிற்றூர். அங்கே எம்கோ கம்பெனி 1950-களில் இதைச் செய்யத் தொடங்கியது. பொம்மை என்றுதான் நினைப்பீர்கள். மைய உயரம் 36 மி.மீ., இரண்டு மையங்களுக்கு நடுவே ஏறக்குறைய 17 செ.மீ. இதன் பெட் வழக்கமான வார்ப்பிரும்புத் தண்டவாளம் அல்ல, சாணை பிடித்த இரண்டு உருண்டை எஃகுத் தண்டுகள். ஸ்பிண்டிலைத் தாங்குகிற ஹெட்ஸ்டாக்கைக் கழற்றி ஒரு செங்குத்துத் தூணில் ஏற்றினால் அதே மிஷின் டிரில்லாகும், மில்லிங்கும் செய்யும். என்னிடம் இருப்பது இதில் எஸ்.எல். என்கிற மாடல். உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில், ஃபேன் மோட்டார்களுக்கு நடுவே கிடந்தது.

“பாய், இது என்னது?”

“தையல் மிஷின் சாமான் ஏதோங்ணா. மோட்டாரு ஓடாது. காப்பருக்கு வேணும்னா எடுத்துக்குங்க.”

“காப்பர் இருக்கட்டும் பாய். இந்த ரெண்டு தண்டுதான் எனக்கு வேணும்.”

“பிரிச்சுக் குடுத்தா மிச்சத்த யாருங்ணா வாங்குவா? மொத்தமாத் தராசுல வையுங்க.”

தராசில் வைக்கும் முன்னே பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். தண்டின் மேல் ஸ்டீல் ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி வெயிலுக்கு நேரே பிடித்தால் வளைவு இருக்கும் இடத்தில் வெளிச்சம் ஒழுகும். விரல் நகத்தைத் தண்டு நெடுக இழுத்தால், சக்குக்குப் பக்கத்தில் தேய்மானம் ஒரு சின்னப் படியாகத் தட்டும். எல்லா லேத்திலும் அதிக வேலை நடப்பது அந்த இடத்தில்தான். தண்டவாள பெட் என்றால் வேறு வழி: உளி மேடையைச் சக் ஓரம் நிறுத்தி ஆட்டமில்லாமல் இறுக்கிவிட்டு மறுமுனைக்குத் தள்ள வேண்டும். பாதி தூரத்தில் சிக்கினால் இந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்பிண்டிலைக் கையால் சுற்றும்போது நறநறவென்றால் பயப்பட வேண்டாம். அழுக்காக இருக்கும், இல்லையென்றால் பேரிங்காக இருக்கும். பேரிங்கை மாற்றிக்கொள்ளலாம். ஸ்பிண்டிலே வளைந்திருந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டியதுதான். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. துணிப்பையில் டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் கொண்டுபோங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். டயல் முள்ளைச் சக்கின் மேல் வைக்காமல், சக்கைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலின் மூக்கில் வையுங்கள். பழைய மூன்று தாடைச் சக் 0.08 மி.மீ. தள்ளிப் பிடிப்பது சகஜம். அந்தப் பழியை ஸ்பிண்டில் மேல் போட்டு நல்ல மிஷின்களைத் தட்டிக்கழித்தவர்கள் உண்டு. என் மிஷினில் கழற்றச் சக்கே இல்லை. பாயைப் பொறுத்தவரை அது எடைக் குறைவு, எனக்கோ பாதி வேலை மிச்சம்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் வருகிற ஆசை உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பது. தயவுசெய்து வேண்டாம். சாணை பிடித்த தண்டை உப்புத்தாள் பளபளப்பாக்கும், கூடவே ஓர் இடத்தில் அதிகமாகவும் ஓர் இடத்தில் குறைவாகவும் தின்றுவிடும். நாம் காசு கொடுத்து வாங்கிய நேர்மை அதோடு போயிற்று. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பிளேடைப் படுக்கையாகப் பிடித்துச் சுரண்டினால் மேல்துரு வந்துவிடும். குழி விழுந்த துருவை அப்படியே விட்டுவிடலாம். குழி உளி மேடையைத் தடுப்பதில்லை, மேடுதான் தடுக்கும்.

மற்ற இரும்புப் பாகங்களுக்குச் சர்க்கரை ஆலையிலிருந்து வரும் மொலாசஸைத் தண்ணீரில் கரைத்து ஊறப்போடுவது என் வழக்கம். இரண்டு மூன்று வாரம் ஆகும், பின்கட்டு முழுக்கப் புளித்த நாற்றம் அடிக்கும், என் மனைவி அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிடுவாள். ஆனால் துருவை மட்டும் கரைத்துவிட்டு நல்ல இரும்பை அவ்வளவாகத் தொடாது. சலவை சோடாத் தண்ணீரில் பேட்டரி சார்ஜர் வைத்துத் துரு எடுப்பது இதைவிட வேகம். அதில் எவர்சில்வர் துண்டை எதிர்முனையாகத் தொங்கவிடாதீர்கள், குரோமியம் நஞ்சாகத் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும். அலுமினியப் பாகங்களையும், குட்டி மிஷின்களில் நிறைய இருக்கிற துத்தநாகக் கலவை வார்ப்புகளையும் இந்த இரண்டு தொட்டியிலும் போடவே கூடாது.

எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் சக் தேடியதுதான். எஸ்.எல். மாடலின் ஸ்பிண்டில் மூக்கில் 12 மி.மீ. விட்டத்தில், 1 மி.மீ. இடைவெளியில் மரை வெட்டியிருக்கிறது. ஹார்டுவேர் கடையில் துளைக்குள் மரை வெட்டும் 12 எம்.எம். டேப் கேட்டால் 1.75 மரையைத்தான் எடுத்துப் போடுவார்கள். இந்த நுண்மரை யாருக்கு வேண்டும்? பம்ப் கம்பெனி கன்வேயர்களில் பொருள் வருகிறதா என்று பார்க்கும் பிராக்சிமிட்டி சென்சார் இருக்கிறதே, அந்தப் பித்தளைக் குழாயின் வெளியே ஓடுவதும் இதே மரைதான். எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு சென்சார் நட்டு வாங்கி வந்து ஆஸ்திரிய ஸ்பிண்டிலில் திருகினேன். வெண்ணெய் மாதிரி ஏறியது. சென்சார் மாட்டுகிறவர்களுக்காக அந்த டேப்பும் டூல்ஸ் கடைகளில் இருக்கிறது. கணபதியில் லேத் வைத்திருக்கும் நண்பர் ஓர் எஃகு வட்டில் துளை போட்டு அந்த மரையை வெட்டிக் கொடுத்தார். முகத்தை மட்டும் கடையாமல் விடச் சொன்னேன். அதை என் ஸ்பிண்டிலிலேயே மாட்டி, என் மிஷினிலேயே முகம் கடைந்து, சக் உட்காரும் படியையும் வெட்டினேன். மரை கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தாலும் அந்தப் படி ஸ்பிண்டிலின் மையத்தில்தான் இருக்கும், அங்கேயே சுற்றிப் பிறந்தது அல்லவா. அதில் போல்ட் போட்டு ஒரு சின்ன மூன்று தாடைச் சக்கை மாட்டியாயிற்று.

மோட்டார் விஷயத்தில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்த மிஷின் என்றால் பிளக்கைச் சொருகும் முன் தகட்டில் வோல்ட் பாருங்கள். அமெரிக்காவுக்குப் போனவை 115 வோல்ட், நம் 230-ல் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. எரிந்த மோட்டாருக்குப் பதில் கால் பெடல் வைத்த தையல் மிஷின் மோட்டார் போதும். பாய் சொன்னது அந்த வகையில் பலித்துவிட்டது. சுற்றும் திசையில் மட்டும் கவனம் வேண்டும். திருகி மாட்டிய சக் எதிர்ப்பக்கம் சுற்றினால் தானாகக் கழன்று மடியில் வந்து விழும்.

எல்லாம் பூட்டி முடித்ததும் ஒரு சோதனை உண்டு. ஒரு கம்பியைச் சக்கில் பிடித்து, மறுமுனையைத் தாங்காமல், சக் ஓரத்தில் ஒரு வளையமும் கம்பி நுனியில் ஒரு வளையமும் மிச்சமிருக்கும்படி நடுவைக் குறைத்துவிட வேண்டும். பிறகு உளியின் ஆழத்தைத் தொடாமல் ஒரே ஓட்டத்தில் இரண்டு வளையங்களையும் மெல்லிசாகச் சீவி, மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். இரண்டு விட்டமும் ஒன்றாக இருந்தால் ஸ்பிண்டிலும் பெட்டும் ஒரே திசையைப் பார்க்கின்றன. யூனிமேட்டில் கூம்பு கடைவதற்காக ஹெட்ஸ்டாக்கையே திருப்பி வைக்கலாம். முன்னால் வைத்திருந்தவர் திருப்பி வைத்துவிட்டு நேராக்க மறந்திருந்தால் இந்தச் சோதனையில் உடனே தெரியும். என்னுடையதில் அப்படித்தான் இருந்தது. தட்டித் தட்டி, வித்தியாசத்தை 10 மைக்ரானுக்குள் கொண்டுவந்தேன்.

இன்றைக்கே வேலை ஆக வேண்டும் என்பவர்கள் சீன மினி லேத் ஒன்றைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. அதில் மரை வெட்டலாம், எஸ்.எல்.-இல் தனி உறுப்பு இல்லாமல் முடியாது. அந்தச் சீன லேத்துகள் பலவற்றில் உள்ளே பிளாஸ்டிக் கியர் இருக்கும், உளி மாட்டிக்கொண்டால் பல் உதிர்ந்துவிடும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பழைய மிஷினிலும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. மிஷின் இரும்பு விலைக்குக் கிடைத்தாலும், அதோடு பெட்டியில் வந்த உறுப்புகளைத் தனித்தனியாகத் தேடினால் மிஷினைவிட அதிகம் கேட்பார்கள். எனக்கு இன்னும் அந்தச் செங்குத்துத் தூண் கிடைக்கவில்லை. உக்கடத்தில் போகும்போதெல்லாம் ஃபேன் மோட்டார்களை விட்டுவிட்டு, பாய் கம்பி அடுக்கி வைத்திருக்கும் மூலைக்குத்தான் முதலில் போகிறேன்.