விடுதியில் காய்ச்சல் கண்டால்

2020 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா கண்டது. இயங்கியதோ ஒரே உணவுக்கூடம். உண்ணும்போது முகக்கவசத்தைக் கழற்றித்தானே ஆகவேண்டும்! பின்னர் மாணவரை அறைகளிலேயே இருத்தி, உணவைப் பொட்டலமாக அனுப்பினர். 2021 மார்ச்சில் நம் தஞ்சை மாவட்டத்து அம்மாபேட்டையிலும் ஒரு பெண்கள் பள்ளியில் 56 மாணவியருக்குத் தொற்று உறுதியாயிற்று.

காய்ச்சல் கண்டவளை உடனே ஊருக்கு அனுப்புவதே நல்லதெனப் பெற்றோர் பலர் எண்ணுவர். அது சரியன்று. பேருந்தில் வருவோருக்கும், வயல்வேலை முடித்து வீடு திரும்பும் பாட்டிக்கும் நோய் தொற்றும். விடுதியிலேயே காற்றோட்டமான தனி அறை தந்து, உணவை அங்கேயே கொடுப்பது மேல். மூச்சு வாங்கினால் மட்டும் தாமதமின்றித் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அறைத் தோழியரையும் சில நாள் கவனிக்க வேண்டும்; கொரோனா, அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பே பரவக்கூடியது.

தேர்வு போய்விடுமே என்று மாத்திரையை விழுங்கிவிட்டுக் காய்ச்சலை மறைப்போரும் உண்டு. மறுதேர்வு உண்டென்று தலைமைச் சகோதரி ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால், மறைக்கக் காரணமிராது.